தாழ்ச்சியா, கோழைத்தனமா?



சென்ற வருஷம் நம் கிளைக் கிராமம் ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

அந்த வீட்டுப் பெண்பிள்ளை பிளஸ் டூ பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். நர்சு படிப்பு படிக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய ஆசை. கணினிக் கடைக்குத் தனியாகப் போய் விண்ணப்பத்தின் விவரமெல்லாம் கேட்டு, தாளில் அச்சிட்டு வாங்கிக்கொண்டும் வந்துவிட்டாள். இனிப் பணம் கட்டவேண்டும். தகப்பனாரின் கையெழுத்து வேண்டும். அதற்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்" என்று தாளை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். கடைசித் தேதி போய்விட்டது. ஆடி மாதம் வீடு மெழுகும்போது டிரம்மை நகர்த்திய தாயார் அதைக் கண்டெடுத்தார்.

தகப்பனார் அந்தத் தாளோடு என்னிடம் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. "சாமி, நான் இவளை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையே. கேட்டிருந்தால்தானே வேண்டும் வேண்டாம் என்று சொல்ல? மக்காச்சோளம் போட்ட காசு அப்படியே இருந்ததே!" என்றார். அவருக்குக் கோபம் மகள் மேலா, தன் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திராது.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் பிள்ளையை ஒருவரும் தடுக்கவில்லை. வறுமை தடுக்கவில்லை, தகப்பன் தடுக்கவில்லை, கல்லூரி தடுக்கவில்லை. ஒரு வருஷம் அரிசி டிரம்மின் அடியில் போயிற்று.

இப்படிப்பட்ட டிரம் நம் வீடுகளில் எத்தனை இருக்கிறதோ! ஆலைக்கு டிரைவராகப் போகும் ஓர் இளைஞன், சொந்தமாக ஒரு பட்டறை வைக்கவேண்டும் என்று பத்து வருஷமாக மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். கட்டின மனைவிக்கே அது தெரியாது. நாற்பது வயதுத் தாயார் ஒருவர் கையெழுத்துக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். பேத்தியின் புத்தகத்தை யாருமில்லாத வேளையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். ஏன் இந்த மறைவு? திருட்டுக் காரியமா செய்கிறார்கள்?

கேட்டால் மூன்று பதில் வரும். "வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் சாமி" என்பது ஒன்று. இதைப் பற்றி ஞானோபதேசத்தில் போதுமான அளவு பேசியாயிற்று, அதை விடுவோம். "முடியாமல் போனால் நாலு பேர் சிரிப்பார்கள்" என்பது இரண்டாவது. இது உண்மையான பயம். இதற்குப் பிறகு வருகிறேன். மூன்றாவது பதில்தான் எனக்கு மிகவும் சங்கடமானது. ஏனென்றால் அது பக்தியின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது: "நமக்கென்ன தகுதி இருக்கிறது? தாழ்ச்சியாக இருப்போம். நிறைகுடம் தளும்பாது." நிறைகுடம் தளும்பாதுதான், ஆனால் இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாயை மூடி வைத்துவிட்டோம்.

தாழ்ச்சி என்பது வேறு. கோழைத்தனம் என்பது வேறு. குருமடத்தில் நாங்கள் படித்த பாடங்களில் ஒன்று இங்கே பயன்படும். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தம்முடைய பெரிய வேதசாஸ்திர நூலில், உள்ளப் பெருமை என்ற புண்ணியத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். தனக்குக் கொடுக்கப்பட்ட வல்லமைக்குத் தக்க பெரிய காரியத்தை நாடுவதே அந்தப் புண்ணியம். தன்னால் ஆகாததை ஆகும் என்று நினைப்பது ஆங்காரம். இதுவரை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தன்னால் ஆகக்கூடியதை ஆகாது என்று ஒதுக்குவதும் ஒரு பாவம் என்கிறார். அதை உள்ளச் சிறுமை எனலாம். அதற்கு அவர் காட்டும் சாட்சி யார் தெரியுமா? சுவிசேஷத்தில் எஜமான் கொடுத்த பணத்தை மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்த ஊழியன். அவன் அதைக் களவாடவில்லை, செலவழிக்கவில்லை, ஒரு காசு குறையாமல் திருப்பியும் கொடுத்தான். புதைத்ததற்குக் காரணமாக அவன் சொன்ன ஒரே சொல் பயம் என்பதுதான். தண்டனை அவனுக்குத்தான் கிடைத்தது.

தாழ்ச்சியும் உள்ளப் பெருமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்றும் அதே வேதசாஸ்திரி சொல்கிறார். என் குறையைப் பார்க்கும்போது நான் தாழ்ந்து நிற்கிறேன். எனக்கு அளிக்கப்பட்ட கொடையைப் பார்க்கும்போது நிமிர்ந்து நிற்கிறேன். இரண்டும் ஒரே ஆள்தான்.

நம் தமிழ்ப் புலவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். காப்பியம் பாடப் புகுந்தவர், தொடக்கத்தில் அவையடக்கம் என்று ஒன்று பாடுவார். கற்றோர் சபை முன்னே என் சொல் எம்மாத்திரம் என்று வணங்குவார். வணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாரா? ஆயிரக்கணக்கான பாடல்களை அதே சபையில் பாடி முடிப்பார். திருவள்ளுவரும் அவையறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தவர், அதை அடுத்து 73-ஆம் அதிகாரமாக அவையஞ்சாமையை வைத்தார். முதலாவதை மட்டும் படித்துவிட்டு நாம் புத்தகத்தை மூடிவிட்டோம் போலும்.

தூரத்து உதாரணம் எதற்கு? நம் பக்கத்திலேயே ஏலாக்குறிச்சி இருக்கிறது. வருஷா வருஷம் அடைக்கல மாதா கோயிலுக்குப் போகிறீர்கள். கொள்ளிடத்தின் வடக்கே அந்த ஊரில் இருந்து எழுதியவரை நினைக்கிறீர்களா? அவருக்கு நம் நாட்டில் முதலில் வழங்கிய பெயரே தைரியநாதர். பின்னாலேதான் வீரமாமுனிவர் ஆனார். சொந்தப் பெயர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆந் தேதி வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். சேசு சபைக் குரு. 1710-இல் கப்பலேறி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர்.

முப்பது வயதில் ழகரம் பழகுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை தவறாகப் பேசினால் கொஞ்சுகிறோம். வளர்ந்த மனிதர், அதிலும் குருவானவர், "பழம்" என்பதை "பளம்" என்றால் சபை சிரிக்கும். சிரித்திருக்கும். சந்தையில் சிரித்திருக்கும், கோயில் திண்ணையில் சிரித்திருக்கும். அதற்கு வெட்கப்பட்டு அறைக்குள் உட்கார்ந்து, குறையறக் கற்றபின் வெளியே வருவேன் என்று அவர் இருந்திருந்தால் இன்றைக்கு ஏலாக்குறிச்சியைப் பற்றி நாம் பேசவே காரணமிராது. பேசித்தான் பேச்சு வரும்; அதுவும் பிறர் காதில் விழப் பேசித்தான் வரும். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் தமிழ் கற்றார் என்று சொல்லுவார்கள். குரு ஒருவர் மாணாக்கராக இன்னொருவர் முன் உட்கார்ந்தார் என்பதே பெரிய பாடம்.

அதன்பின் செய்தவை கொஞ்சமா? அர்ச். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி. ஐந்திலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம். 1732-இல் சதுரகராதி. இந்தக் கடைசி நூலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதுவரை தமிழில் சொல்லுக்குப் பொருள் பார்க்க நிகண்டுகள்தாம் இருந்தன. நிகண்டைச் செய்யுளாக மனப்பாடம் செய்யவேண்டும். அதற்கு நேரமில்லாதவனும் அகர வரிசையில் தேடிக் கண்டுகொள்ளும்படி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக அவர் செய்தார். பண்டிதர்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு, தட்டுத்தடுமாறிக் கற்றவர் ஒருவரால் எல்லோருக்கும் திறந்தது. தடுமாறினவருக்குத்தானே மற்றவர் எங்கே தடுமாறுவார் என்று தெரியும்?

இன்னொன்று. அந்நாளில் ஓலையில் எழுதும்போது எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைக்கவேண்டும் என்பது இலக்கணம். எழுதுகிறவர் பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவனுக்குக் குறிலா நெடிலா என்ற மயக்கம். இவர் நெடிலுக்கு வடிவத்தையே சற்று மாற்றினார். இன்று உங்கள் பிள்ளை "கெ" என்றும் "கே" என்றும் வேறுபடுத்தி எழுதுகிறதே, அந்தக் கொம்பின் சுழி அவர் தந்தது. அயல்நாட்டான் உனக்கு எங்கள் எழுத்தைத் திருத்த என்ன அதிகாரம் என்று கேட்கப்படும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும், இன்ன குறை இருக்கிறது, இன்ன மாற்றம் நல்லது என்று வெளிப்படையாக எழுதி வைத்தார்.

சிரிப்புக்கு அவர் எழுதிய பரமார்த்த குரு கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். எல்லோரும் வந்தோமா என்று எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். யாரோ ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று கூவி அழுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணினான்; அவ்வளவுதான் கோளாறு. சின்ன வயதில் இதற்குச் சிரித்தேன். குருவானபின் நினைத்தால் அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை திறமை, எதிர் வீட்டுக்காரனுக்கு எத்தனை சாமர்த்தியம் என்று விரல் மடக்குகிறவர்கள் தங்களை எண்ணாமல் விட்டுவிட்டு, "நம் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை சாமி" என்று என்னிடம் வந்து அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிற்க. சிரிப்பார்களே என்ற பயத்துக்கு வருகிறேன். என் அனுபவம் ஒன்று சொல்லலாம். குருமடத்தில் பிரசங்கப் பயிற்சி என்று ஒன்று உண்டு. என் முறை வந்தபோது நான்கு வாக்கியம் சொன்னேன், ஐந்தாவது மறந்துபோயிற்று. நின்றேன். பின் வரிசையில் ஒருவன் இருமினான், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிரவு, நான் குருத்துவத்துக்கு ஏற்றவனல்லன், ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட எண்ணினேன். மறுநாள் வயதான குரு ஒருவர் என்னை அழைத்து, ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஐந்தாவது வாக்கியம் என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரி, இன்று சாயங்காலம் அதிலிருந்து ஆரம்பி" என்றார். ஆரம்பித்தேன். முழங்கால் நடுங்கியது, ஆனாலும் முடித்தேன். இன்றைக்கும் பிரசங்கத்துக்கு ஏறுமுன் முழங்கால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. நீங்கள் கவனித்ததில்லை, பீடம் மறைத்துக்கொள்கிறது!

அந்த முதிய குரு செய்ததற்கு இன்றைய மனநூலார் பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஆல்பர்ட் பண்டூரா என்பவர் 1977-இல் இதை விரிவாக எழுதினார், 2021-இல்தான் காலமானார். "என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது அவர் ஆராய்ந்த கேள்வி. புகழ்ச்சியாலும் ஊக்க வார்த்தையாலும் கொஞ்சம் வரும். ஆனால் அது சீக்கிரம் வடிந்துவிடும். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் காண்பதால் வரும். எல்லாவற்றிலும் உறுதியாக, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தால் வரும். ஆகையால் தைரியம் வந்தபின் தொடங்குவேன் என்று காத்திருப்பது, நீந்தக் கற்றபின் கிணற்றில் இறங்குவேன் என்பது போல. சின்னக் காரியம் ஒன்றைச் செய்; அது தரும் தைரியத்தில் அடுத்ததைச் செய்.

தன்னைப் போன்ற ஒருவரைக் காண்பது என்றேனே, நம் அரியலூர்ப் பையன்களுக்கு அது இப்போது கிடைத்திருக்கிறது. அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி என்ற இளைஞர் கோவில்பட்டி விடுதியில் தங்கி ஹாக்கி பயின்றார். 2022-ஆம் ஆண்டு மே 23-ஆந் தேதி ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் இந்திய அணிக்காக இறங்கி, பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். அன்று ஆட்டம் சமமாக முடிந்தது. "எனக்கு ஹாக்கி ஆடவேண்டும், அதற்காக ஊரைவிட்டுப் போகவேண்டும்" என்று வாய் திறந்து கேட்காமல் எந்தப் பிள்ளையும் விடுதிக்குப் போய்ச் சேருவதில்லை.

வயது கடந்துவிட்டது என்று சொல்லுகிறவர்களுக்குத் தனிநாயகம் அடிகளாரைச் சொல்லுவேன். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் 1913-இல் பிறந்தவர். 1938-இல் குருப்பட்டம் பெற்று, ரோமையில் வேதசாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். 1940-இல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். பல ஐரோப்பிய மொழிகள் கைவந்த அவருக்குத் தாய்மொழியின் இலக்கியத்தில் போதிய பயிற்சியில்லை. டாக்டர் பட்டத்தைப் போர்த்திக்கொண்டு அதை மறைத்துவிட்டிருக்கலாம்; யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரோ ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். அதுவும் போதாதென்று 1945-இல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அங்கியணிந்த குருவானவர் இளைஞர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சங்க இலக்கியம் படித்தார். 1964-இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவரே. "எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று ஒரு நாள் சொன்னதில் எல்லாம் தொடங்கிற்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெளிப்படையாகச் சொல் என்றால் தெருத்தெருவாகத் தமுக்கடி என்று அர்த்தமல்ல. பீட்டர் கோல்விட்சர் என்ற மனநூலாரும் அவருடைய கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. சட்டம் படிக்கும் மாணவர்களையும் அவர்கள் பரிசோதித்தார்கள். தன் லட்சியத்தைப் பிறர் கவனித்து ஒப்புக்கொண்டதாக உணர்ந்தவர்கள், அதற்கான வேலையில் முன்னைவிடக் குறைவாகவே பிரயாசைப்பட்டார்கள். சொன்னவுடனே பாதி ஆகிவிட்டது போன்ற ஒரு திருப்தி வந்துவிடுகிறது. டீக்கடைப் பெஞ்சில் கலெக்டர் ஆனவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆகவே "ஆகா, ஓகோ" என்று சொல்லுகிறவனிடம் போய்ச் சொல்லாதீர்கள். "என்றைக்குத் தொடங்கப் போகிறாய்? எவ்வளவு பணம் வேண்டும்? போன வாரம் என்ன செய்தாய்?" என்று கேட்கக்கூடியவர் ஒருவர் இருவரிடம் சொல்லுங்கள். தகப்பன், தாய், அக்காள், ஆசிரியர், பங்குச் சாமியார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எரிக்கோ ஊர் வழியோரத்தில் பர்த்திமேயு என்ற குருடன் கூவியபோது, பேசாமலிரு என்று அதட்டியது யார்? சேசுநாதரைப் பின்தொடர்ந்து வந்த கூட்டம். பக்திமான்கள்தான் அதட்டினார்கள்! அவன் இன்னும் உரக்கக் கூவினான். நமதாண்டவரோ நின்று, அவனை அழைத்து, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். அவன் குருடன் என்பது அவருக்குத் தெரியாதா? கண்ணைப் பார்த்தாலே தெரிகிறதே. ஆனாலும் அவன் வாயாலேயே அதைச் சொல்லும்படி அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நம் வீட்டில் பிள்ளையிடம் "நீ டாக்டருக்குப் படி", "நீ போலீசுக்குப் போ" என்று சொல்லுகிறோம். "நீ போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்" என்றும் சொல்லுகிறோம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருந்தது எத்தனை நாள்? பிள்ளை கேட்பதற்கெல்லாம் சம்மதிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையில் காசில்லையானால் இல்லையென்று சொல்லுங்கள். அந்தப் படிப்பு உதவாது என்று தோன்றினால் காரணத்தோடு சொல்லுங்கள். முடியாது என்ற பதிலைக் கேட்டுப் பிழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய உண்டு. கேட்கவே பயந்த பிள்ளைக்குத்தான் வழி தெரிவதில்லை.

இந்த வருஷத்து விண்ணப்பக் காலம் வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பங்கு அறைவீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பேன். என்ன படிக்கலாம், என்ன தொழில் தொடங்கலாம், எங்கே உதவி கிடைக்கும் என்று கேட்க விரும்புகிறவர்கள் வரலாம். எழுதிக்கொண்டு வரவேண்டாம், வாயால் சொன்னால் போதும். பூசையில் நிருபம் வாசிக்கப் பழக விரும்பும் பிள்ளைகளும், பெரியவர்களும் அதே நேரத்தில் வரலாம். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வாசிப்பது என்ற பழக்கத்தை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

சென்ற ஞாயிறு முதல் வாசகம் வாசித்தது அந்த அரிசி டிரம் வீட்டுப் பிள்ளைதான். மூன்றாம் வரியில் ஒரு பெயர் தடுக்கியது. பெஞ்சில் யாரோ ஒரு சிறுவன் சிரித்தான். அவள் நிறுத்தி, அந்தப் பெயரை முதலிலிருந்து திருப்பி வாசித்து, மேலே போனாள். பூசை முடிந்ததும் தகப்பனும் மகளுமாக அறைவீட்டுக்கு வந்தார்கள். "சாமி, பணம் எங்கே கட்டணும்?" என்று கேட்டது அவள்.